புளி போட்டுத் தேய்த்த நம்பர்

திருத்தணி ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் டாக்ஸிகளில் அந்த வெள்ளை வண்டியைக் காட்டி யாருடையது என்று கேட்டால், கஜபதியுடையது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓட்டுவது கஜபதி, பெட்ரோல் பங்கில் கதை அளந்துகொண்டு நிற்பது கஜபதி, மலையேறும் கூட்டத்தைக் கூவிக் கூவி ஏற்றுவதும் கஜபதி. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது அவன் மனைவி பத்மாவின் பெயர். அந்த வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பாதிகூட அவனுக்குத் தெரியாது.

பத்மா அம்மையார்குப்பத்துக்காரி. பவர்லூம் சத்தத்தில் பிறந்து வளர்ந்ததால் அவளுக்கு மெல்லப் பேச வராது. எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்ப்பது அவள் குணம். சேலையைக் கையில் கொடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். தக்காளி வாங்கினால் கூடைக்கு அடியில் கையை விடுவாள். அவள் கட்டிக்கொண்ட அத்தை மகன் கஜபதி இதற்கு நேர் எதிர். யார் சிரித்துப் பேசினாலும் நல்லவர் என்று நம்பிவிடுவான். தறிகளை விற்றுவிட்டு டாக்ஸி வாங்குவது என்று முடிவானபோது, வண்டி மருமகள் பேரிலேயே இருக்கட்டும் என்று அவனைப் பெற்ற தாயே சொன்னாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவர்கள் முதலில் பார்த்தது இந்த வெள்ளை வண்டியை அல்ல. ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் சிவப்பு வண்டி ஒன்றைக் கொண்டுவந்தான். பளபளவென்று இருந்தது. கஜபதி அதில் ஏறி உட்கார்ந்தவன் இறங்கவே இல்லை. மாலை வாங்கப் பூக்கடைக்கு ஆள்கூட அனுப்பிவிட்டான். பத்மாதான், அரக்கோணம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நசருல்லா பாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆகாது என்று அடம்பிடித்தாள்.

நசருல்லா வந்தார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை, டயரை உதைத்துப் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகட்டைத் துணியால் துடைத்தார். அங்கே எழுத்தும் எண்ணுமாகக் குழித்து அடித்திருந்த ஒரு வரிசைமேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டு மெல்லத் தேய்த்தார். தாளில் எழுத்தும் எண்ணுமாகப் பதினேழும் தெளிவாக வந்தன. ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார். பதினாறு பொருந்தியது, ஒன்று பொருந்தவில்லை. அந்த ஓர் எண்ணைச் சுற்றி மட்டும் தகடு அரம் போட்டது போல மழமழவென்று இருந்தது. நசருல்லா பானெட்டை மூடிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போகும்படி வந்தவனிடம் அமைதியாகச் சொன்னார். வந்தவன் வாதாடக்கூட இல்லை, போட்ட டீயைக் குடிக்காமல் கிளம்பிப் போனான். நாலு மாதம் கழித்து அந்த வண்டியை வாங்கிய எவனோ ஒருவன் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவதாகக் கேள்விப்பட்டார்கள். வண்டி திருட்டு வண்டி.

அன்றைக்கு பத்மா நசருல்லாவை விடவில்லை. அந்த நம்பர் என்ன, எதற்கு, யார் போடுவது என்று துருவித் துருவிக் கேட்டாள். அவரும் சலிக்காமல் சொன்னார். வெளியே மாட்டுகிற நம்பர் பிளேட் இரண்டு திருகாணியில் நிற்கிறது, எவன் வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம். இது தொழிற்சாலையிலேயே வண்டியின் உடம்பில் அடிப்பது. சேஸ் நம்பர் என்பார்கள். முதல் மூன்று எழுத்து எந்த நாடு, எந்தக் கம்பெனி என்று சொல்லும். நடுவில் இருப்பவை எந்த மாடல், எந்த எஞ்சின், எந்த வருடம் என்று சொல்லும். கடைசியில் வருவது அந்த வண்டிக்கே உரிய வரிசை எண். ஒரு வண்டிக்கு இருப்பது இன்னொரு வண்டிக்கு இருக்காது. ஆர்.சி., இன்சூரன்ஸ், வண்டி ஓடத் தகுதியா என்று ஆர்.டி.ஓ. சோதித்துக் கொடுக்கும் எஃப்.சி. எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகின்றன. ஒரு பாகத்தில் கோளாறு என்று கம்பெனி குறிப்பிட்ட வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டால், இந்த நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடும். களவு போன வண்டி பிளேட் இல்லாமல் கிடைத்தாலும் இதை வைத்துத்தான் சொந்தக்காரனைத் தேடி வருவார்கள்.

"பேர மாத்திக்கலாம் தங்கச்சி, மச்சத்த மாத்த முடியுமா?" என்று முடித்தார் நசருல்லா.

அது பத்மாவுக்கு அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் மணவூரில் ராஜீவ் என்பவர் விற்பதாகச் சொன்ன இந்த வெள்ளை வண்டியைப் பார்க்கப் போனபோது, அவளே தாளும் பென்சிலும் கொண்டுபோனாள். பதினேழும் பொருந்தின. அதற்குப் பிறகுதான் வண்டியின் நிறத்தையே கவனித்தாள்.

மலையடிவாரத்தில் வண்டிக்குப் பூஜை போட்டார்கள். ஐயர் பானெட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் பொட்டு வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். பத்மா அவரை நிறுத்தி, பானெட்டைத் திறக்கச் சொல்லி, அந்தப் பதினேழு எழுத்துகளுக்கும் சேர்த்துச் சந்தனம் குங்குமம் வைக்கவைத்தாள். இதற்கெல்லாம் யாரும் பொட்டு வைத்து நான் பார்த்ததில்லையே என்றார் ஐயர். சாமி, இதுதான் வண்டி, மற்றதெல்லாம் தகரம் என்றாள் அவள்.

அன்று தொடங்கியது. மாதா மாதம் கிருத்திகைக்கு முதல் நாள் பத்மா குத்துவிளக்கு தேய்க்க உட்காருவாள். விளக்கு முடிந்ததும் கையில் மிச்சமிருக்கும் புளியோடும் தேங்காய் நாரோடும் நேராக வண்டிக்குப் போவாள். பானெட்டைத் திறந்து, போன மாதத்துச் சந்தனம் காய்ந்து கிடப்பதைப் புளி போட்டு அழுத்தித் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, புதுச் சந்தனம் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைப்பாள். கஜபதி கேலி பண்ணுவான். ஊரார் வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவதைவிட இதிலென்ன தப்பு என்று அவள் வாயை அடைத்துவிடுவாள். தேய்த்துத் தேய்த்து அந்தப் பதினேழும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் எஃப்.சி.க்குப் போனபோது, பொட்டைத் துடைத்துப் பென்சில் பிரிண்ட் எடுத்த இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுப் போனார். நம்பர் அப்போது தெளிவாக இருந்தது. அது தன் தேய்ப்பின் பலன் என்று நம்பி, பத்மா அன்று முதல் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

இந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது எஃப்.சி. வந்தது. காவடி எடுப்பவர்களுக்காக ஊரே இரவு பகல் பாராமல் ஓடுகிற நாட்கள் அவை. அந்தச் சமயத்தில் வண்டி நின்றால் வருடமே நின்ற மாதிரி. வியாழக்கிழமை காலையில் கஜபதி தனியாகத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனான். மத்தியானம் திரும்பி வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் சொன்னது இதுதான். புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் தமிழ்செல்வி மேடம் பிரேக் பார்த்தார், லைட் பார்த்தார், எல்லாம் சரி என்றார். பானெட்டைத் திறந்து சேஸ் நம்பருக்குப் பென்சில் போட்டால் முதல் பதினொன்று வந்தது, கடைசி ஆறும் வெறும் கறுப்பாக வந்தது. மூன்று முறை எடுத்தும் அப்படியே. இதை யாராவது சுரண்டினீர்களா என்று கேட்டிருக்கிறார். கஜபதி பயத்தில், எனக்கு எதுவும் தெரியாது மேடம் என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டதாம். திங்கட்கிழமை உரிமையாளரோடு வரவேண்டும், அதுவரை வண்டியைச் சவாரிக்கு ஓட்டக்கூடாது, சரியான விளக்கம் இல்லையென்றால் விசாரணைக்கு எழுதிவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பத்மா எழுந்து போய் பானெட்டைத் திறந்தாள். மூன்று வருடமாகப் பார்த்த இடம்தான். ஆனால் கழுவிய கையோடு சந்தனத்தை அப்பியே பழகியதில், அதை உற்றுப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெயின்ட் என்பதே அங்கே இல்லை. கழுவிய தண்ணீர் ஓடித் தேங்குகிற ஓரத்தில் கடைசி ஆறு எண்களும் துருவும் பழைய சந்தனமும் சேர்ந்து செம்மண்ணாகக் கிடந்தன. தான்தான் செய்தோம் என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. கஜபதியிடம் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் வேடியப்பன் வந்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற புரோக்கர். காலையில் நடந்ததை ஓரமாக நின்று பார்த்திருக்கிறான். எல்லைக்கு அந்தப் பக்கம் தனக்குத் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறான், அச்சு வைத்து அடித்தால் ஒரு மணி நேரத்தில் கம்பெனி நம்பர் மாதிரியே வந்துவிடும் என்றான்.

"வேற நம்பரா அடிக்கறோம்? உங்க நம்பரத்தானே திருப்பி அடிக்கறோம். இதுல இன்னா தப்பு?" என்றான்.

கஜபதிக்கு உயிரே திரும்பி வந்தது போலிருந்தது. நாளைக்கே வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டான். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் பத்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சொந்த வண்டி, சொந்த நம்பர், அழிந்ததைத் திருப்பி எழுதுகிறோம், யாருக்கு என்ன நஷ்டம்? தன்னுடைய தப்பும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். இரண்டு ஆழாக்கு அரிசி களைந்து உலையில் போடும்வரை அவளும் வேடியப்பன் கட்சியில்தான் இருந்தாள். பிறகு அந்தச் சிவப்பு வண்டியின் மழமழத்த தகடு கண்முன் வந்தது. அதையும் எவனோ ஒருவன் அச்சு வைத்துத்தானே அடித்திருப்பான் என்று தோன்றியதும், அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கஜபதியிடம் போனாள்.

"பாயக் கேக்காம வண்டி இங்கருந்து நகரக் கூடாது பாவா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நசருல்லாவே வீட்டுக்கு வந்தார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர் கடைசி ஆறு எண்களையும் விரலால் தடவினார். எதைப் போட்டுத் துடைத்தீர்கள் என்று கேட்டார். பத்மா, புளி என்றாள். நசருல்லாவுக்குப் புரியவில்லை. எந்தப் புளி என்று கேட்டார். குழம்புக்குப் போடுகிற புளி, தேங்காய் நாரில் வைத்து, மாதா மாதம் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் பக்கத்தில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"குத்துவெளக்கா தங்கச்சி இது? பித்தளைக்குப் புளி போட்டா பளபளக்கும். இரும்புல போட்டா பெயின்டத் தின்னுட்டு இரும்பையும் தின்னும். அதுக்கு மேல சந்தனத்த வேற ஈரமா அப்பி மூடி வெச்சிருக்கிற."

மற்ற சமயமாக இருந்தால் கஜபதி விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இப்போது மனைவியின் முகத்தைப் பார்த்தான். வேடியப்பன் காட்டிய வழியை மட்டும் மெல்லிய குரலில் சொன்னான். நசருல்லா எழுந்து நின்றுகொண்டார்.

"அதே நம்பரா இருந்தாலும் கம்பெனி எழுத்து வேற, இவன் அடிக்கற எழுத்து வேற. ஒரே ஒரு அடி மேல உழுந்துச்சுன்னா, நீ கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணாலும் அது திருட்டு வண்டிதான் நைனா. கேசு யார் மேல வரும்? புக்குல பேரு இருக்கறவங்க மேல."

கஜபதி பத்மாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நசருல்லா கொஞ்சம் தணிந்து விளக்கினார். துருப்பிடித்து நம்பர் போவது உலகத்தில் நடக்காத காரியமில்லை. அடித்தே ஆகவேண்டும் என்றாலும் அதற்கு ஆபீசில் எழுத்து மூலம் உத்தரவு கொடுப்பார்கள், அவர்கள் சொன்னபடிதான் அடிக்க வேண்டும். முதலில் உள்ளே எண் இருக்கிறதா போய்விட்டதா என்று பார்ப்போம். ஆனால் அரம் கூடாது, உப்புத்தாள் கூடாது, கத்தி கூடாது. புளியைப் பற்றி அவர் தனியாகச் சொல்லவில்லை.

தேங்காய் எண்ணெயில் நனைத்த துணியை மடித்து அந்த இடத்தில் வைத்தார்கள். சனிக்கிழமை முழுக்க அது அங்கேயே ஊறியது. ஞாயிற்றுக்கிழமை நசருல்லா விளக்குமாற்று ஈர்க்குச்சியால் ஒவ்வொரு எண்ணின் குழிக்குள்ளும் மெல்ல விட்டு எடுத்தார். மூன்று வருடத்துச் சந்தனம் சேறாக வந்தது. பத்மா குனிந்து பார்த்தாள். சேறு வந்த இடத்தில் ஏதோ கோடுகள் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. பென்சில் போட்டுப் பாருங்கள் பாய் என்று கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். அந்த மேடமே எடுக்கட்டும், நாம் எடுக்காமல் இருப்பதுதான் நல்லது என்றார்.

வெளியே சாலையில் காவடிக்காரர்கள் அரோகரா போட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வண்டியும் கூரைவரை ஆள் ஏற்றிக்கொண்டு ஓடியது. கஜபதி வாசலில் உட்கார்ந்து அவற்றை எண்ணிக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே வந்து, நாளைக்கு நீ எதுவும் பேசாதே, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றான். பத்மா தலையாட்டினாள். இரவுச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. காலையில் இட்லி அவித்து டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டாளே தவிர, அதையும் தொடவில்லை.

திங்கட்கிழமை தமிழ்செல்வி மேடம் மேசைமேல் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். குரலில் கடுமை இல்லை, சிரிப்பும் இல்லை. யார் உரிமையாளர் என்று கேட்டார். பத்மா கையைத் தூக்கினாள். நம்பர் எப்படி இந்த நிலைமைக்கு வந்தது என்று கேட்டார். கஜபதி தொண்டையைச் செருமினான்.

பத்மா முந்திக்கொண்டாள்.

"நான்தான் மேடம். மாசா மாசம் கிருத்திகைக்குப் புளி போட்டுத் தேய்ச்சுகினு இருந்தேன்."

அறையில் இருந்த கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மேடம் அவளை மறுபடியும் சொல்லச் சொன்னார். பத்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சிவப்பு வண்டி, பாய் சொன்ன மச்சம், சந்தனம், தேங்காய் நார் ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அது போதாது என்று, கண்ணை மூடிக்கொண்டு பதினேழு எழுத்துகளையும் சுப்ரபாதம் மாதிரி ஒப்பித்தாள். தாழ்வாரத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

"மனப்பாடமா சொன்னா வண்டி உங்களதுன்னு ஆயிடாதும்மா" என்றார் மேடம். ஆனால் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்லயும் குத்துவிளக்கு இருக்குது. வாங்க, பார்க்கலாம்."

வண்டியிடம் போனார்கள். போன எஃப்.சி.யின்போது எடுத்த பென்சில் பிரிண்ட் கோப்பில் இருந்தது. மேடம் புதுத்தாளை வைத்துப் பென்சிலை மெல்ல ஓட்டினார். பத்மா பார்க்க மாட்டாமல் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடம் ஒவ்வொன்றாக வாசித்தார். பன்னிரண்டாவது வந்தது. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வந்தன. பதினாறாவதில் நின்றார். மூன்றா எட்டா என்று தெரியவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கப் பிடித்து, குனிந்து வெகுநேரம் பார்த்தார். கஜபதியின் உதடு முருகா முருகா என்று அசைந்துகொண்டிருந்தது.

எட்டு என்றார் மேடம். பழைய தாளிலும் எட்டுதான். பதினேழாவதும் பொருந்தியது. எஞ்சின் நம்பரைப் பார்த்தார், கதவுத் தூணில் இருந்த கம்பெனி ஸ்டிக்கரைப் பார்த்தார். கடைசியாக அந்தத் தகட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அரம் போடல, புதுசா எதையும் அடிக்கல. இதுல யாரும் கை வெக்கல, உங்க கையத் தவிர."

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். பத்மா தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, புளி என்ற சொல்லை மறைக்காமல் ஒரு பக்கம் எழுதி, உரிமையாளர் என்று போட்டுக் கையெழுத்திட்டாள். மேடம் அதைக் கோப்பில் வைத்துவிட்டு, அதிலிருந்து வேறொரு தாளை உருவி எடுத்தார். விசாரணைக்கு அனுப்ப வெள்ளிக்கிழமையே தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதம் அது. கஜபதி தெரியாது என்று சொன்னதும் சந்தேகம் வந்து தயார் பண்ணியது என்றார். அதை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு பூசி, அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று பத்மாவுக்குக் கட்டளை போட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்பது போல, யாராவது நம்பர் அடித்துத் தருவதாக வந்தார்களா என்று கேட்டார்.

கஜபதி காலை மாற்றி நின்றான். வந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் என்றாள் பத்மா.

"நல்லவேளை. அடிச்சுகினு வந்திருந்தீங்கன்னா, வண்டி இன்னிக்கு இந்த கேட்டத் தாண்டி இருக்காது. நீங்களுந்தான்."

எஃப்.சி. கையில் வந்தது. இருவரும் வண்டியில் ஏறினார்கள். கஜபதி கேட்டைத் தாண்டினான். பத்தடி போனதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். ஸ்டீயரிங்கைப் பிடித்த கை அவனுக்கு நடுங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் இரு, என்னால் ஓட்ட முடியவில்லை என்றான். பத்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. நான்கு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியதும், பசி குபீரென்று ஏறியது. டப்பாவைத் திறந்து ஓர் இட்லியை அவன் வாயில் திணித்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"நடுங்கட்டும் பாவா, இன்னா இப்போ. வெளிய வந்துட்டோம். இனிமே எவ்ளோ நேரம் வேணா நிக்கலாம்" என்றாள்.